உங்கள் சிடிக்குள் இருக்கும் உலோகம் எது?

சென்ற மாதம் என் அத்தை முதன்முதலாக ஒரு லேப்டாப் வாங்கினார். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பார்க்கப் போன என்னிடம் ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டி, "டேய், இதையெல்லாம் இதுல ஏத்திக் குடுடா" என்றார். உள்ளே நான்கு சிடிக்கள். ஒன்று, நொய்டாவின் மோசர் பேர் நிறுவனம் 2007 வாக்கில் 28 ரூபாய்க்கு விற்றதே, அந்த வகை சினிமா விசிடி. மற்ற மூன்றும் 2006-இல் நடந்த அத்தை மகளின் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் என் அப்பா மடியில் குழந்தை, பக்கத்தில் பாட்டி. பாட்டி நடப்பதும் பேசுவதும் பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான்.

இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி ரைட்டர் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். சினிமா பிசிறில்லாமல் ஓடியது. காதுகுத்தின் இரண்டாவது சிடி மட்டும் ஓடவே இல்லை. எங்கும் கிடைக்கும் சினிமா பிழைத்துக்கொள்ள, வேறெங்கும் கிடைக்காதது கெட்டுப்போனது ஏன்?

இரண்டும் வெவ்வேறு உலோகங்கள் என்பது முதல் காரணம். சிடி என்பது ஒரு கண்ணாடி, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது. டிரைவில் உள்ள லேசர் அதன் மேல் பட்டுத் திரும்பி வந்தால்தான் தகவலைப் படிக்க முடியும். திருப்பி அனுப்புவது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள உலோகப் பூச்சு. தொழிற்சாலையில் அச்சடிக்கும் சினிமா சிடிக்களில் அது அலுமினியம். விலை மலிவு. சிடி லேசரின் 780 நானோமீட்டர் ஒளியில் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) சுமார் 87 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும். அது போதும்.

ஸ்டூடியோவில் ரைட் செய்து தரும் சிடி-ஆரில் உலோகத்திற்கு முன்னால் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிவது இதனால்தான். ஒளி இந்தச் சாயத்தைப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை கடக்க வேண்டும். அப்படியும் 65 சதவிகிதமாவது திரும்ப வேண்டும் என்பது விதி. அலுமினியத்தால் இது முடியவில்லை. ஆகவே முதலில் வந்த சிடி-ஆர்களில் உண்மையான தங்கத்தையே பூசினார்கள். அது சுமார் 97 சதவிகிதம் திருப்பும், துருப்பிடிக்காது. ஆனால் விலை? அடுத்து வெள்ளிக்கு மாறினார்கள். வெள்ளி 98 சதவிகிதம் திருப்பும், விலையும் குறைவு.

வெள்ளியின் குறை என்னவென்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும். குத்துவிளக்கும் கொலுசும் கறுத்துப் போகின்றன அல்லவா? காற்றில் உள்ள கந்தகம் செய்யும் வேலை அது. சிடியின் உலோகம் மேல்பக்கத்தில், லேபிளுக்கு அடியில் மெல்லிய லாக்கருக்குக் கீழே இருக்கிறது. எல்லோரும் அடிப்பக்கத்தையே பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 1988 முதல் 1993 வரை தயாரான பல இசை சிடிக்கள், அட்டைக் காகிதத்தில் இருந்த கந்தகத்தை லாக்கர் தடுக்காததால் பழுப்பேறிக் கெட்டன. வெள்ளி தாக்குப்பிடிக்க, பின்னாளில் அதில் பல்லேடியம், செம்பு போன்றவற்றைச் சிறிதளவு கலந்தார்கள். டிவிடியில் இந்தத் தொல்லை குறைவு. அதில் உலோகம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

அத்தனை நல்ல தங்கம் புளூ-ரேயில் எடுபடவில்லை. புளூ-ரே லேசர் 405 நானோமீட்டர், ஊதா. ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிவிடுவதால்தான் தங்கம் மஞ்சளாகத் தெரிகிறது. இந்த ஒளியில் அது 40 சதவிகிதம்கூடத் திருப்பாது. அங்கே வெள்ளிக் கலவைதான்.

ஆனாலும் தங்கம் கம்ப்யூட்டரை விட்டுப் போய்விடவில்லை. டேட்டா சென்டர்களுக்காக சீகேட் 2024-இல் அறிவித்த 30 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகளில், எழுதும் இடத்தை லேசரால் ஒரு கணம் சூடாக்குகிறார்கள். அவ்வளவு சிறிய புள்ளியில் ஒளியைக் குவிக்க எந்த லென்ஸாலும் ஆகாது. நானோ அளவுத் தங்கத் துணுக்கால் ஆகும். ஒளி பட்டதும் அதன் எலெக்ட்ரான்கள் ஒன்றாக அலைபாய்ந்து ஒளியை ஒரு முனையில் திரட்டுகின்றன. இதற்குப் பிளாஸ்மான் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், தங்கம் மென்மையானது, அந்தச் சூட்டில் மெல்ல உருக்குலையும். எனவே மாற்றுப் பொருள் தேடுகிறார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது டைட்டானியம் நைட்ரைடு. பார்க்கத் தங்கம் போலவே இருக்கும்; டிரில் பிட்டுகளில் மஞ்சளாகப் பூசியிருப்பது இதுதான். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், இது 2,900 டிகிரிக்கும் மேல். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் இத்தகைய நைட்ரைடுகளை ஆராய்கிறார்கள்.

நம் வீட்டு சிடிக்கு வருவோம். சிடியை எரியும் பல்பின் முன் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே உலோகம் போய்விட்டது என்று பொருள். வெயிலிலும் சூட்டிலும் சாயம் கெட்டிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. ஆகவே புள்ளி இல்லாவிட்டாலும் காப்பி எடுத்துவிடுங்கள். அத்தையின் இரண்டாவது சிடியில் ஸ்டூடியோக்காரர் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அது சுருண்டு, ஓரத்தில் உலோகத்தையும் சேர்த்துப் பெயர்த்திருந்தது. ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், மீதியும் வந்துவிடும். பால் பாயின்ட் பேனாவாலும் மேலே எழுதாதீர்கள்.

விசிடியாக இருந்தால் 'எம்பெக்-ஏவி' என்ற போல்டரைத் திறந்து, அதிலுள்ள பெரிய 'டாட்' பைலை அப்படியே ஹார்டு டிஸ்க்கிற்குக் காப்பி செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் ஓடும். காப்பி பாதியில் நின்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. அதுவும் முடியாவிட்டால், கெட்ட இடத்தைத் தாண்டிப் படிக்கும் ஐசோபஸ்டர் போன்ற புரோகிராம் வேண்டும்.

சிடியில் பதிவு உள்ளே தொடங்கி வெளியே போகும். ஓரம்தான் பெயர்ந்திருந்தது என்பதால் முதல் பாதி கிடைத்துவிட்டது. அப்பா மடியில் குழந்தை அழுகிறது, பாட்டி "அவ்ளோதான்டி கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்கிறார். அதன் பின் பந்தி. அது வரவில்லை. கிடைத்ததை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, என்னிடம் ஒன்று என மூன்று காப்பி எடுத்திருக்கிறேன்.