வீழ்ந்த நாட்டில் மலிந்த பொருள்
(அசௌரிய அணுவிரதப் பாடம்)

சிராவக சிராவகியர்க்கு விதிக்கப்பெற்ற அணுவிரதங்கள் ஐந்தனுள் மூன்றாவது கள்ளாமை. அதற்குரிய அதிசாரங்கள் ஐந்தினை உமாசுவாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உரைத்தருளினார். கள்வனை ஏவுதல், கள்வன் கொணர்ந்ததைக் கொள்ளுதல், விருத்த ராஜ்யாதிக்கிரமம், அளவையும் நிறையையும் கூட்டிக் குறைத்தல், போலிப் பொருளை மெய்ப்பொருளென விற்றல் என்பன அவை. மற்றை நான்கும் எளிதில் விளங்கும். மூன்றாவதை மட்டும் பலர் 'அரசாணையை மீறுதல்' என்று சுருக்கிக் கடந்துவிடுகின்றனர்.

பூஜ்யபாதர் தம் ஸர்வார்த்தசித்தி உரையில் இதன் உட்பொருளைத் திறந்து காட்டுகின்றார். முறை பிறழ்ந்த அரசில், பெருவிலைப் பொருள் சிறுவிலைக்குக் கிடைக்கும் என்று கருதி, நியாயத்தின் நீங்கிய வழியில் அதனைக் கொள்ள முயல்வதே அவ்வதிசாரம் என்பது அவர் உரையின் சாரம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டில் உழவு மாடும் புன்செய்யும் பாதி விலைக்குப் போகும். வாங்கியவன், "நான் திருடவில்லை, அவனே வந்து கொடுத்தான்" என்பான். பத்திரம் செல்லும்; விரதம் செல்லுமா?

வீட்டிற்குரிய இவ்வறம் நாட்டிற்கும் உரியதா? வீழ்ந்த நாட்டை வல்லரசுகளின் போட்டியினின்று காத்தல் வேண்டுமா? திருச்சுழியை உள்ளிட்ட சேதுபதி சீமையின் வரலாறே இதற்கு ஒரு பாடம். விஜயரகுநாத சேதுபதிக்குப் பின் அரசுரிமைப் பூசல் எழுந்தது. பவானி சங்கரன் தஞ்சை மன்னரின் படைத்துணையால் அரியணை ஏறினான். பின்னர் அதே தஞ்சைப்படை கட்டையத் தேவருக்கும் சசிவர்ணத் தேவருக்கும் துணைநின்று அவனை வீழ்த்தியது. 1730ஐ ஒட்டிப் பாம்பாற்றுக்கு வடபால் நிலம் தஞ்சைக்குப் போயிற்று. எஞ்சியது இராமநாதபுரம், சிவகங்கை என இரண்டாயிற்று. இரு பக்கத்தார்க்கும் உதவியவர், இரு பக்கத்தாரின் நிலத்தையும் கொண்டார்.

எனில், போட்டியே கூடாது எனலாமா? அனேகாந்தம் அறிந்த நாம் மறுபுறத்தையும் நோக்குதல் கடன். 1792 உடன்படிக்கைக்குப் பின் கும்பினிக்கு இப்பகுதியில் நிகரான போட்டியாளர் இல்லை. 1795இல் அது முத்துராமலிங்க சேதுபதியை நீக்கியது; 1803இல் சேதுநாடு ஜமீனாகச் சுருங்கிற்று. பலர் மோதினால் நாடு கிழிபடும். ஒருவரே காவலரானால் நாடு விழுங்கப்படும்.

அண்மைச் சான்று இலங்கை. அது சிதைந்தொழிந்த அரசு அன்று. ஆயினும் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்தது. அதற்கு முன்னரே, 2017இல், அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றிருந்தது. 2022 மார்ச்சில் பசியால் உந்தப்பட்ட குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையேறின. அவ்வாண்டில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் அளித்தது. தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேற்றியது. இவ்விரைவில் சீனத்தோடுள்ள போட்டிக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பின்னர்க் கடன் சீரமைப்பில் இந்தியா, ஜப்பான், பிரான்சு முதலியன ஒரு குழுவாகவும், சீனம் தனித்தும் பேசின. 2023இல் சீன வங்கியோடும் 2024 ஜூனில் அக்குழுவோடும் உடன்பாடு காண வேண்டியதாயிற்று. அவ்வளவு காலமும் வரியையும் விலையேற்றத்தையும் சுமந்தவர் குடிகளே.

ஆகவே, வேலி வீழ்ந்த நாட்டைச் சுற்றி இடத்தக்கதன்று. அவ்வேலிக்குள் பிழை செய்த ஆட்சியாளரும் ஒளிந்துகொள்வர். விரதம் வலியவர் மீதே விதிக்கத்தக்கது. உணவையும் மருந்தையும் விலைபேசாது அளித்தல்; கருவூலம் வறண்ட காலத்தில் துறைமுகம், சுரங்கம், நிலம் ஆகியவற்றை நெடுங்காலத்திற்கு எழுதி வாங்காதிருத்தல்; கடன் கொடுத்தோர் அனைவரும் ஓரவையில் அமர்ந்து பேசுதல் ஆகிய மூன்றும் நாடுகளுக்குரிய அசௌரியம் எனலாம். உதவுவதில் போட்டி இருக்கட்டும்; எடுத்துக்கொள்வதில் வேண்டா.

ஆவியூரை அடுத்த குரண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் நம் பெரும்பள்ளி விளங்கிற்று. அதன் மாணாக்கர் செய்வித்த திருமேனிகள் மதுரைச் சமணர்மலையில் இன்றும் உள்ளன. அப்பள்ளியைக் குறிக்கும் கல்வெட்டுகளைத் திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயிலிற் காணலாம். யாத்திரை செல்வோர் அங்கு நின்று நினைக்கத்தக்கது ஒன்றுண்டு: வீழ்ந்தவரின் கல்லும் பிறர் கைப்படும். நாம் வீழாத காலத்தில் நம் கை எங்கே நீண்டது என்பதே விரதத்தின் வினா.

சிந்திக்க:
1. இடர்ப்பட்டவரிடம் குறைந்த விலைக்கு வாங்குதல் எப்போது உதவியாகும், எப்போது அதிசாரமாகும்?
2. நம் இல்லத்திலோ வாணிபத்திலோ அவ்வாறு வந்த பொருள் உளதாயின், செய்யத்தக்கது யாது?