லண்டனுக்குப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

அரூப் நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில் உனக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று அப்பா சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பளி உடுப்பு, ஊறுகாய், மாத்திரை எல்லாவற்றையும் அம்மா பார்த்துக்கொள்வாள். உன்னைப் போலவே கட்டமைப்புப் பொறியாளனாக வாழ்ந்தவன் என்பதால், தொழிலைப் பற்றி மட்டும் பெரியப்பா சிலது சொல்கிறேன்.

நீ சேரப்போகும் நிறுவனத்தை ஓவ் அரூப் 1946இல் தொடங்கினார். 1895இல் நியூகாசிலில் பிறந்தவர், டேனிஷ்காரரின் மகன். கோபன்ஹேகனில் முதலில் தத்துவம் படித்துவிட்டு அப்புறம்தான் பொறியியலுக்கு வந்தார். கட்டடக் கலைஞர் வரைந்து முடித்த பிறகு, அதை நிற்கவைப்பதற்கு மட்டும் பொறியாளரைக் கூப்பிடும் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் கோடு போடும்போதே இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்றார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பென்குவின்களுக்காக 1934இல் கட்டிய குளத்தைப் பார், புரியும். நடுவில் தூண் இல்லாமல் ஒன்றையொன்று சுற்றி இறங்கும் அந்த இரண்டு மெல்லிய கான்கிரீட் சரிவுப் பாதைகளில் கட்டடக் கலைஞர் லுபெட்கினின் கை எங்கே முடிகிறது, அரூப்பின் கை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது.

ஆனால் அவருடைய வேலைகளில் உனக்கு முதலில் நான் காட்ட விரும்புவது டர்ஹாம் நகரின் கிங்ஸ்கேட் பாலம். 1963இல் முடிந்தது, மனிதர்கள் நடப்பதற்கு மட்டுமான சின்னப் பாலம். அங்கே வியர் ஆறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. ஆற்றுக்குள் சாரம் கட்டினால் பணம் கரையும். அதனால் பாலத்தை இரண்டு பாதிகளாக, ஆற்றின் இரு கரைகளிலும் நீரோட்டத்துக்கு இணையாகவே கட்டினார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு ஒவ்வொரு பாதியையும் அதன் அடித்தளத்தின் மேலேயே கால்வட்டம் திருப்பி, நடு ஆற்றின் மேல் சேர்த்தார்கள். சேர்ந்த இடத்தை மறைக்காமல் வெண்கல இணைப்பாக வெளியே தெரியவிட்டார்கள். பார்க்கிறவனுக்குப் பாலம் எப்படிக் கட்டப்பட்டது என்பதும் தெரியும். அத்தனை பெரிய வேலைகளைச் செய்தவருக்கு இந்தச் சின்னப் பாலத்தின்மேல்தான் கொள்ளைப் பிரியம். 1988இல் அவர் இறந்தபோது அஸ்தியை இதன் மேலிருந்துதான் ஆற்றில் தூவினார்கள். அதனால் நீயும் டிராயிங் போடும்போதே, வரைவதை எப்படிக் கட்டுவார்கள், சாரம் எங்கே நிற்கும், கம்பி கட்டுகிறவனின் கை உள்ளே போகுமா என்று கேட்டுக்கொண்டே வரை. சைட்டுக்குப் போக வாய்ப்பு வரும்போதெல்லாம் போ.

இன்னொன்று. ஆங்கிலக் கால்வாயின் அடியில் செல்லும் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு அதிவேக ரயில்பாதை போடத் திட்டமிட்டபோது, தெற்கு லண்டன் வழியாக வரும் தடத்தைத்தான் ரயில்வே முதலில் எண்ணியிருந்தது. அங்குள்ள மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அரூப் நிறுவனம் தானாக முன்வந்து வேறொரு தடத்தைச் சொன்னது: தேம்ஸுக்கு அடியில் கடந்து, கிழக்கிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு வழியாக நகருக்குள் வருவது. 1991இல் அரசு அதை ஏற்றது. 2007இல் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்துக்கு ரயில் வந்தது. ரயில் பணிமனைகளும் பழைய ஆலைகளுமாகக் கிடந்த ஸ்ட்ராட்ஃபோர்டில்தான் 2012 ஒலிம்பிக் நடந்தது. ஆலோசனை சொல்கிறவர், கேட்ட கேள்வியே சரியா என்று முதலில் பார்த்ததன் பலன் இது. ஒரு தேசத்தை உருவாக்குவதில் உயர்ந்த கோபுரங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அரூப்பின் வேலைகளில் சிட்னி ஓபரா ஹவுஸ் பற்றி ஊரே பேசும், அதனால் சுருக்கமாக. கூரையின் வடிவம் முடிவாகும் முன்பே 1959இல் கீழ்த்தளத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு வந்த கூரையின் பாரத்துக்குப் போதாத தூண்களை இடித்துத் திரும்பக் கட்ட நேர்ந்தது. அவசரப்படுத்துகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், பாப்பா. அடித்தளத்துக்கு முன் கூரையின் கணக்கைக் கேள்.

கடைசியாக மில்லினியம் பாலம். 2000 ஜூன் 10 அன்று தேம்ஸின் மேல் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆடியது, இரண்டே நாளில் மூடினார்கள். அரூப்பின் பொறியாளர்கள் ஆட்களை நடக்கவிட்டு அளந்தார்கள். பாலம் லேசாக அசைந்ததும் நடப்பவர்கள் தங்களை அறியாமலே அந்த அசைவுக்குத் தக்கபடி காலை வைக்கிறார்கள், அது ஆட்டத்தைக் கூட்டுகிறது. ஓர் எண்ணிக்கை வரை ஒன்றும் தெரியாது, அதைத் தாண்டினால் ஆட்டம் சட்டென்று பெரிதாகிவிடும். முன்பே வேறு பாலங்களில் இப்படி நடந்து அங்கங்கே பதிவாகியும் இருந்தது. ஆனால் வடிவமைப்பு விதிநூல்களில் அது ஏறவில்லை. அரூப் தான் கண்டதை எல்லாப் பொறியாளர்களும் படிக்கும்படி வெளியிட்டது. ஆட்டத்தை அடக்கும் டேம்பர்களைப் பொருத்தி 2002 பிப்ரவரியில் பாலத்தை மறுபடி திறந்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கண்டதைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்தார்களே, அதற்காகத்தான் நீ அங்கே போவதில் எனக்கு இத்தனை சந்தோஷம்.

1970 ஜூலையில் வின்செஸ்டரில் ஓவ் அரூப் தன் கூட்டாளிகளிடம் பேசிய உரை ஒன்று உண்டு. வேலையின் தரம், நேர்மையான நடத்தை, சமூகப் பயன், கூட வேலை செய்கிறவர்களை மனிதர்களாக நடத்துவது என்று நிறுவனம் எதற்காக இருக்கிறது என்பதை அதில் விளக்கினார். உன் கைக்கும் அது வரும். ஓர் இரவு உட்கார்ந்து முழுக்கப் படி. அந்த நிறுவனத்துக்கு வெளியார் பங்குதாரர்கள் கிடையாது, வேலை செய்பவர்களுக்காக ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அதனால் உண்மையைச் சொல்கிறவளுக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன். கணக்கில் ஏதாவது உறுத்தினால் அன்றைக்கே உன் மேலாளரிடம் சொல்லிவிடு. புதிதாகச் சேர்ந்தவள் என்று மட்டும் தயங்காதே.

அன்புடன்,
பெரியப்பா