200 கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு



பி.ஆர்.எம். என்று ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணம் உண்டு. பிரான்ஸ் நாட்டின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி உலகெங்கும் நடக்கிறது. இது ரேஸ் கிடையாது. முதல் பரிசும் இல்லை. 200 கி.மீ. தூரத்தை 13½ மணி நேரத்துக்குள் முடிக்கணும், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு ஒரு பாதை போட்டுப் பார்த்தேன். ஸ்ரீரங்கம், கல்லணை, தஞ்சாவூர், கும்பகோணம், அதே வழியில் திரும்புதல். ஏறக்குறைய 200 கி.மீ. வரும். கல்லணையில் கட்டாயம் ஒரு சோதனை நிலையம் வேண்டும். இல்லாவிட்டால் திருவெறும்பூர் வழியாக நெடுஞ்சாலையிலேயே தஞ்சாவூர் போய்விடலாமே! ஆடி மாதத்தில் வைக்கக் கூடாது. மேல்காற்று போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

நிலையம் எப்போது மூடும்? 60 கி.மீ. தாண்டிய நிலையங்களுக்குத் தூரத்தை 15ஆல் வகுக்கணும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 100ஆவது கி.மீ.யில்:

100 ÷ 15 = 6 மணி 40 நிமிடம்
மூடும் நேரம்: பகல் 12.40

அங்கே உட்காரும் தொண்டர் அட்டையில் நேரம் எழுதி முத்திரை வைப்பார். "இனிமே யாரும் வரமாட்டாங்க" என்று அவர் 12.30க்கே கிளம்பிவிட்டால்? 12.38க்கு வேர்த்து விறுவிறுத்து வருபவருக்கு முத்திரை வைக்க ஆளே இல்லை. வேகமாக வருபவரைவிட மெதுவாக வருபவருக்குத்தான் தொண்டர் ரொம்பத் தேவை. நம் பள்ளி விளையாட்டு விழாவில் தொண்டு செய்யப்போகிறவர்கள் இதை நினைவில் வையுங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: 150ஆவது கி.மீ. நிலையம் எத்தனை மணிக்கு மூடும்?

(விடை: மாலை 4 மணி)