கலர் பேப்பர் தேடும் மலையகப் பிள்ளைகளுக்கு

பிலிம் போட்டுப் படம் எடுக்கிற ஆசை இளம் பிள்ளைகளிடம் மறுபடியும் துளிர்த்திருக்கிறது. கறுப்பு வெள்ளை பிரிண்ட் போட்டுப் பழகியவர்கள், "கலரும் நாங்களே போடலாமா, எந்தப் பேப்பர் நல்லது?" என்று கேட்டு வருகிறார்கள். பதுளைக்கும் மொனராகலைக்கும் இடையே ஸ்டூடியோத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நல்ல பேப்பர் என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் நெகட்டிவுக்கும், உங்கள் ஊர்த் தண்ணீருக்கும், படம் தொங்கப்போகிற சுவருக்கும் ஒத்துவருவதுதான் நல்ல பேப்பர்.

1. கம்பனிப் பெயரைப் பார்க்க முதல், முறையைப் பாருங்கள்.
நெகட்டிவிலிருந்து கலர் பிரிண்ட் போடும் பேப்பர் இன்று ஆர்.ஏ.4 என்ற முறைக்கே செய்யப்படுகிறது. கோடக் 1980களில் கொண்டுவந்த முறை இது. அதற்கு முந்திய இ.பி.2 பேப்பரை யாராவது பழைய அலுமாரியிலிருந்து எடுத்து இலவசமாகவே தந்தாலும் வேண்டாம்; அதற்கான மருந்து இப்போது கடையில் கிடையாது. ஸ்லைடிலிருந்து நேரே போடும் சிபாக்குரோமும் நின்றுவிட்டது. அக்ஃபா, கொனிகா இரண்டும் இந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டன. கோடக் பெட்டி அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஆகவே உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் ஃபுஜியின் கிறிஸ்டல் ஆர்கைவ்.

2. லேப்காரரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்.
தனித்தாள் பெட்டி விலை கூட. டவுனில் உள்ள கலர் லேப்பில் ரோல் முடியும்போது மிஞ்சுகிற துண்டு உங்களுக்குப் போதும். ஆனால் பல லேப்கள் இப்போது மை தெளிக்கும் மெஷினுக்கு மாறிவிட்டன. அந்தப் பேப்பரும் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் வெளிச்சம் அதில் பதியாது. "உங்கள் மெஷினில் டெவலப்பர், பிளீச்-ஃபிக்ஸ் ஊற்றுகிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் வாங்கலாம். 152 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குல அகல ரோல், பழகுவதற்கு நல்ல அளவு. வெட்டுவதும் முழு இருட்டில்தான்.

3. வாங்கிய அன்றே வெள்ளையைச் சோதியுங்கள்.
ஒரு சின்னத் துண்டை வெளிச்சமே காட்டாமல் டெவலப் செய்து, பிளீச்-ஃபிக்ஸில் போட்டு, கழுவிக் காயவையுங்கள். பால் வெள்ளையாக வந்தால் பேப்பர் உயிரோடு இருக்கிறது. மஞ்சள் தட்டினால் வெயிலிலோ வயதிலோ கெட்டது. அதில் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பழகலாம். கலியாணப் படம் போடக் கூடாது.

4. எடுத்த இடத்தின் வெளிச்சத்தை நினைத்துப் பேப்பரைத் தேடுங்கள்.
கறுப்பு வெள்ளைப் பேப்பர்போல் இதில் 2, 3 என்று கிரேடு இல்லை. ஒரு காலத்தில் கோடக், போர்ட்ரா, சுப்ரா, அல்ட்ரா என மென்மையிலிருந்து அழுத்தம் வரை மூன்று வகை விற்றது. இன்று லேப்புக்கு வருவது லேசர் மெஷினுக்காகச் செய்த பேப்பர். என்லார்ஜரின் கீழே வைத்தால் அதன் கொன்ட்ராஸ்ட் அழுத்தமாகவே விழும். அப்புத்தளைப் பனிமூட்டத்தில் எடுத்த தட்டையான நெகட்டிவுக்கு அது வரப்பிரசாதம். மொனராகலை ரப்பர் தோட்டத்திலோ வெள்ளவாயவிலோ உச்சி வெயிலில் எடுத்த முகத்துக்கு அதுவே பகை: நெற்றி வெளுக்கும், கண்குழி கறுக்கும். அங்கே பேப்பரைக் குறை சொல்லாமல், எடுக்கும்போதே ஆளை மர நிழலுக்கு நகர்த்துங்கள். ஒரு ஸ்டொப் கூடுதலாகவே வெளிச்சம் கொடுங்கள், கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும்.

5. சுவரைப் பார்த்து மேற்பரப்பைத் தீர்மானியுங்கள்.
கண்ணைக் கவர்வது குளோசி. ஆனால் விறகடுப்புப் புகையும் ஈரச் சுவரும் உள்ள லயத்துக் காம்பராவில், கண்ணாடியோடு ஒட்டி வைத்த குளோசிப் படம் சில மழைக்காலங்களில் கண்ணாடியோடு சேர்ந்தே போய்விடும். பேப்பரின் மேலுள்ள ஜெலட்டின் ஈரத்தில் இளகிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். சட்டம் போடும் படத்துக்கு லஸ்டர் வாங்குங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுங்கள். ஆல்பத்துக்கு குளோசி இருக்கட்டும்.

6. நிலைக்குமா என்று கேட்கப் பழகுங்கள்.
நம் மக்களுக்குப் படம் என்பது வெறும் அலங்காரம் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆன குடும்பங்களுக்கு மிஞ்சியது ஆல்பம்தான். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பல இன்னும் தெளிவாக இருக்கின்றன. 1970களின் கலர் பிரிண்டுகளோ பெட்டிக்குள் மூடி வைத்திருந்தும் சிவந்துவிட்டன. அன்றைய பேப்பரில் சியான் சாயம் இருட்டிலேயே மங்கும் குணமுடையது. இன்றைய பேப்பர் எவ்வளவோ மேல். அப்படியும் நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், நெகட்டிவையும் தூக்கிப் போடாதீர்கள்.

7. குளிர், ஈரம், கரண்ட் மூன்றையும் கணக்கில் எடுங்கள்.
பேப்பரை 10 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். பண்டாரவளையில் ஒரு கிழமை வெளியே இருந்தால் பெரிய நட்டமில்லை. மொனராகலைச் சூட்டில் பிரிட்ஜ் கட்டாயம். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை மறந்துவிட வேண்டாம்: வருடக் கணக்குக்கு வாங்கிச் சேர்க்காமல், சில மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் உறையைத் திறந்தால் பேப்பரில் நீர் கோக்கும். சில மணித்தியாலம் வெளியே வைத்த பிறகு திறவுங்கள்.

என்லார்ஜருக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போடுங்கள். மின்னழுத்தம் இறங்கினால் பல்பு சிவக்கும். பிரிண்ட் வெளிறி, நீலமும் சியானும் தட்டும். பலர் இதைப் பேப்பரின் குற்றம் என்று நினைத்து அடுத்த பெட்டிக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

8. சிவப்பு பல்பை அணையுங்கள்.
கலர் பேப்பருக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தெரியும். கறுப்பு வெள்ளைக்குப் போட்ட சிவப்பு விளக்கு இதைக் கெடுத்துவிடும். முழு இருட்டில் தட்டுகளோடு தடுமாறுவதைவிட, வெளிச்சம் புகாத டிரம் ஒன்று வாங்குங்கள். பேப்பரை உள்ளே போட்டு மூடிவிட்டால், லைட்டைப் போட்டுக்கொண்டே உருட்டலாம். அடுத்த பேப்பருக்கு முன் டிரம்மை நன்றாகக் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் கோடு விழும்.

9. தண்ணீரையும் சூட்டையும் அறிந்துகொள்ளுங்கள்.
மெஷினில் டெவலப்பர் 35 பாகையில் 45 செக்கன். மலையில் இரவுக் குளிருக்குச் சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் போத்தலை வைத்துத்தான் அந்தச் சூட்டைப் பிடிக்க முடியும். கீழே வெள்ளவாய, புத்தல பக்கம் சூடு பிரச்சினையில்லை, கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்புத்தான் பிரச்சினை. காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசிக் கழுவலுக்குக் கொதிக்க வைத்து வடித்த தண்ணீரோ மழைத் தண்ணீரோ வையுங்கள். கையுறை இல்லாமல் மருந்தைத் தொடாதீர்கள். பாவித்த பிளீச்-ஃபிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதை ஓடையில் ஊற்றாதீர்கள், கீழ் லயத்துப் பீலிக்கு வருவதும் அதே தண்ணீர்தான்.

10. காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.
ஈரத்தில் படம் நீலம் ஓடியதுபோல் தெரியும். காய்ந்தபின் ஜன்னலருகே பாருங்கள். விதி எளிது: படத்தில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ, அந்த ஃபில்டரையே கூட்டுங்கள். மஞ்சள் மிகுந்தால் மஞ்சள், மஜெந்தா மிகுந்தால் மஜெந்தா. பச்சை தட்டினால் மஜெந்தாவைக் குறையுங்கள். நீலம் தட்டினால் மஞ்சளைக் குறையுங்கள். தேயிலைப் பச்சையைப் பார்த்துச் சரி செய்யாதீர்கள், அது மணிக்கு மணி மாறும். முகத்தின் மாநிறத்தையும் வெள்ளை வேட்டியையும் பாருங்கள். அவை சரியானால் மற்றவை தானாகச் சரியாகும்.

11. ஒரு பேப்பரோடு நில்லுங்கள்.
பெட்டிக்குப் பெட்டி ஃபில்டர் கணக்குச் சற்று மாறும். பேப்பரையே மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு கொப்பியில் திகதி, பெட்டி எண், ஃபில்டர், செக்கன், டெவலப்பர் சூடு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். முதல் பெட்டி முடியும்வரை இன்னொரு பேப்பரைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். அது முடியும்போது, எந்தப் பேப்பர் வேண்டும் என்பதை உங்கள் கொப்பியே சொல்லும்.