ஒரு ரயில் பாதையும் மூன்று கேள்விகளும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலப் போக்குவரத்தைக் கற்பிக்கும்போது ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதே என் வழக்கமாக இருந்தது. 1853 பம்பாய்–தாணே, 1856 இராயபுரம்–வாலாஜா. தேர்வுக்கு அது போதும். ஒரு நாள் கடைசி வரிசை மாணவன் ஒருவன், "நம்ம ஊருலதான் ரயிலே இல்லையே டீச்சர், இதை எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டான். மீமிசலில் ரயில் நிலையம் இல்லை. ரயிலைப் பார்க்க அறந்தாங்கிக்குப் போக வேண்டும். அவன் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம்தான் பதில் இல்லை.

பதிலைத் தேடியபோது அது எங்கள் கடலின் அக்கரையில் கிடைத்தது. இலங்கை அரசு ரயில்வேயின் வரலாற்றை வைத்து இரண்டு பாடவேளைகளுக்கு ஒரு பாடம் தயாரித்தேன்.

பாடப்பொருள்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் முதன்மை ஏற்றுமதிப் பொருள் காபி. கண்டி மலைப்பகுதியில் விளைந்த காபி, மாட்டு வண்டிகளில் பல நாள் பயணமாகக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. மழைக்காலத்தில் வண்டிகள் வழியிலேயே நின்றுவிடும். எனவே, ரயில் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் வற்புறுத்தினர்.

1845-இல் இலண்டனில் இலங்கை ரயில்வே கம்பெனி தொடங்கப்பட்டது. 1858 ஆகஸ்டில் ஆளுநர் சர் ஹென்றி வார்டு பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால், பொறியாளர் முழுமையாக அளந்து பார்த்தபோது செலவு மதிப்பீடு முதலில் சொன்னதைவிட இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 1861-இல் கம்பெனியுடனான ஒப்பந்தம் ரத்தாகி, அரசே பணியை ஏற்றது. பம்பாய்–தாணே பாதையைக் கட்டிய ஃபேவியல் என்பவரே இங்கும் ஒப்பந்ததாரர். அதன்பின் பணி வளர்ந்த விதம் இது:

1864 – கொழும்பு முதல் அம்பேபுசை வரை, 54 கி.மீ.
1867 – கண்டி
1874 – நாவலப்பிட்டி
1885 – நானுஓயா
1894 – பண்டாரவளை
1905 – காங்கேசன்துறை (வடக்குப் பாதை)
1914 – தலைமன்னார்

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தப் பட்டியலையும் இலங்கை வரைபடத்தையும் கொடுத்தேன். குழுவுக்கு ஒரு கேள்வி: எந்தப் பொருளுக்காகப் போடப்பட்டது? எப்படிக் கட்டினார்கள்? யார் உழைத்தார்கள்?

முதல் குழுவுக்குக் கூடுதலாக ஒரு செய்தி கொடுத்தேன். 1869-இல் காபிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. 1880-களில் காபித் தொழிலே சரிந்தது. "அப்ப நானுஓயாவுக்கு ரயில் போனப்ப காபி இல்லையா?" என்று குழுவில் ஒரு மாணவி கேட்டாள். அங்கிருந்து தேயிலைக்கு வந்தோம். கண்டிக்கு ரயில் வந்த அதே 1867-இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். காபிக்காகத் தொடங்கிய பாதை தேயிலையைச் சுமந்தது.

இரண்டாம் குழுவுக்குக் கணக்கு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதை 45 அடி நீளத்துக்கு ஓர் அடி உயர்கிறது. ஏற்றத்தின் நீளம் சுமார் 12 மைல், அதாவது 63,360 அடி. 45-ஆல் வகுத்தால் 1,408 அடி உயரம். பிறகு பள்ளியின் சாய்தளத்தை அளந்தார்கள். அது 12 அடிக்கு ஓர் அடி. "நம்ம சாய்தளம்தானே டீச்சர் செங்குத்து?" என்றார்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதையும், கனமான ரயிலுக்கு 45-க்கு 1 என்பதே கடும் ஏற்றம் என்பதையும், அதனால்தான் அங்கே கூடுதல் எஞ்சின் பூட்டினார்கள் என்பதையும் அப்போது விளக்கலாம். அறிவியல் ஆசிரியர் உடனிருந்தால் உராய்வுப் பாடத்தையும் இணைக்கலாம்.

மூன்றாம் குழுவின் கேள்விதான் எங்கள் ஊருக்குரியது. மலையைக் குடைந்து பாதை போட்டவர்களிலும், தோட்டங்களில் உழைத்தவர்களிலும் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சம் வந்தபோதெல்லாம் மக்கள் கடற்கரைக்கு நடந்து வந்தார்கள். எங்களுக்கு வடக்கே அம்மாபட்டினம், தெற்கே தொண்டி. அங்கே தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை நூறு மைல்களுக்கும் மேல் காட்டு வழியே நடந்தார்கள். பசியாலும் காலராவாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

இப்போது பட்டியலை மீண்டும் பார்க்கச் சொன்னேன். காபிக்கு ரயில் 1867-இல் வந்துவிட்டது. மன்னார்ப் பக்கம் எப்போது வந்தது? 1914. "நாற்பத்தேழு வருசம்" என்றான், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது.

எதிர்பாராத ஒன்று

அடுத்த நாள், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி என்னிடம் வந்தாள். "எங்க அப்பாயி நாவலப்பிட்டியில பொறந்தவங்க டீச்சர். இங்க எங்களை சிலோன்காரங்கன்னு சொல்றாங்கன்னுதான் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றாள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்படித் திரும்பியவர்கள் தலைமன்னார் வரை ரயிலிலும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் வந்தார்கள். முன்னோர் உழைத்துப் போட்ட பாதையிலேயே பேரப்பிள்ளைகள் வெளியேறினார்கள்.

அவள் சம்மதத்துடன், அப்பாயி சொன்னதை எழுதி வந்து வகுப்பில் வாசித்தாள். அன்றிலிருந்து மற்ற பிள்ளைகள் அவளை ஊரின் பெயர் சொல்லிக் கேலி செய்வதில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "யார் வீட்டில் அகதி?", "யார் குடும்பம் சிலோன்?" என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். பாடத்தை நேர்மையாக நடத்தினால், சொல்ல விரும்பும் குழந்தை தானே வரும்.

மதிப்பீடு

ஆண்டுகளைக் கேட்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்டேன்: "இந்தப் பட்டியலில் ஏதேனும் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டு, யாருக்குப் பயன், யாருக்குத் துன்பம் என்று ஐந்து வரிகளில் எழுதுக." ஆண்டுகளை யாரும் மனப்பாடம் செய்யவில்லை, ஆனால் பெரும்பாலோர் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

உங்கள் ஊரில் ரயில் நிலையமோ, பாலமோ, அணையோ இருந்தால் அதன் ஆண்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு இதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எதுவும் இல்லாத ஊராக இருந்தாலும் தயங்க வேண்டாம். எங்கள் ஊரிலும் ரயில் இல்லை.