வண்டியும் நம்மளது, பராமரிப்பும் நம்மளது



இந்த மாதப் பாடம் மொபெட் பற்றியது. நம்ம ஊர்ப் பக்கம் டிவிஎஸ் பிப்டி, எக்ஸெல் என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன வண்டிதான். தார் ரோட்டிலும் ஓடும், வயல் வரப்பை ஒட்டிய மண் பாதையிலும் ஓடும். கடன் வாங்கி வண்டி எடுப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். எடுத்த வண்டியைப் பல வருஷம் நல்லபடியாக ஓட வைப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நிலை மாறியது. இன்று நம்மில் பலர் மொபெட்டுக்கு வந்துவிட்டோம். 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் பெற்று வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. ஓட்டக் கற்றுக்கொண்டோம். ஆனால் வண்டி மக்கர் பண்ணினால் இன்னும் யாரையாவது எதிர்பார்த்துத்தானே நிற்கிறோம்?

ஏன் நாமே கற்க வேண்டும்?

பால் ஊற்றும் ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். காலையில் வண்டி கிளம்பவில்லை. சொசைட்டிக்கு நேரம் போய்விடுகிறது. பால் கெடுகிறது, ஆட்டோவுக்குக் காசு, மெக்கானிக்குக் காசு. ஒரே நாளில் மூன்று நஷ்டம். ஆனால் தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போகாது. பெரிய ரிப்பேர்களில் பல, கவனிக்காமல் விட்ட சின்ன விஷயத்தில்தான் தொடங்குகின்றன. அந்தச் சின்ன விஷயங்களை நம்ம கையாலேயே செய்யலாம்.

தினமும் காலையில் 5 நிமிடம்

1. இரண்டு டயரையும் பாருங்கள். ஆணி, முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா? காற்று குறைந்திருக்கிறதா?
2. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பிடித்துப் பாருங்கள்.
3. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் அல்லது பெட்ரோல் சொட்டியிருக்கிறதா?
4. லைட், பின் லைட், ஹாரன் வேலை செய்கிறதா?

வாரம் ஒரு நாள் அரை மணி நேரம்

நட்டு போல்ட்: மண் பாதையில் ஓடும் வண்டி குலுங்கிக் குலுங்கி நட்டு லூஸ் ஆகும். சக்கரம், சைலன்ஸர், கேரியர், நம்பர் பிளேட் இவற்றை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். லூஸாக இருந்தால் முடுக்கினால் போதும். பலம் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

செயின்: மண்ணும் ஆயிலும் சேர்ந்தால் அரத்தூள் மாதிரி. செயினையும் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். பழைய துணியால் துடைத்து, பிரஷ் போட்டு, பிறகு செயின் ஆயில் விடுங்கள். இன்ஜினில் இருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்ற வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் பொதுவாக 2 முதல் 3 செ.மீ. ஆட வேண்டும். சரியான அளவு உங்க வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ரொம்ப லூஸாக இருந்தால் கழன்று விழும், ரொம்ப டைட்டாக இருந்தால் பேரிங் போகும்.

காற்று: முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறு. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு பிடியுங்கள். பால் கேன், மூட்டை ஏற்றுகிறவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

பிரேக்: தண்ணீரில் இறங்கி வந்த பிறகு டிரம் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டால் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு வேகம் எடுங்கள்.

கிலோமீட்டர் பார்த்துச் செய்ய வேண்டியவை

இன்ஜின் ஆயில்: பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவோம். 2015-ல் வந்த எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. இதில் ஆயில் தனியாக இன்ஜினுக்குள் இருக்கும். பழைய பழக்கத்தில் இதன் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. இந்த இன்ஜின் காற்றில்தான் குளிர்கிறது. உள்ளே சூட்டைத் தணிப்பதும் தேய்மானத்தைக் குறைப்பதும் ஆயில்தான். அதனால் ஆயில் குறைந்து ஓடினால் பிஸ்டன், சிலிண்டர் தேய்ந்து போகும். ஆயில் மாற்றும் செலவு சில நூறுதான், இன்ஜின் வேலை ஆயிரக்கணக்கில் வந்துவிடும். வண்டியைச் சம தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற நம்பர் ஆயிலையே கேட்டு வாங்குங்கள்.

ஏர் ஃபில்டர்: புழுதியில் ஓடினால் இது சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் கழுவிக் காயவைத்துப் போடலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும்.

பிளக்: இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். நுனி லேசான பழுப்பு நிறம் என்றால் நல்லது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் ஏர் ஃபில்டரையும் சேர்த்துப் பாருங்கள். வண்டியில் ஒரு புது பிளக்கும் பிளக் ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும்.

எச்சரிக்கை

* இன்ஜின் ஓடும்போது செயினைத் தொடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு வேலை பாருங்கள். விரல் போனால் திரும்பி வராது.
* சேலை முந்தானை, துப்பட்டாவை இறுகச் செருகிக்கொண்டு ஏறுங்கள். பின் சக்கரத்தில் உள்ள சேலைத் தடுப்பைக் கழற்றி எறிய வேண்டாம்.
* அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துப் பெட்ரோல் வேலை செய்யாதீர்கள். வீட்டில் பாட்டிலில் பெட்ரோல் சேர்க்காதீர்கள்.
* ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் வேண்டும், பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும்.

மெக்கானிக்கிடம் பேசும்போது

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. இன்ஜினுக்குள் தட்டும் சத்தம், வெள்ளைப் புகை, ஹேண்டில்பார் ஆட்டம் இதெல்லாம் மெக்கானிக் வேலை. "ஏதோ சத்தம் வருது" என்று சொல்லாமல், எப்போது வருது, எந்தப் பக்கம் வருது என்று சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் செலவு கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில் வாங்குங்கள். இது சண்டை இல்லை, கணக்கு.

வண்டி உண்டியலும் வண்டி நோட்டும்

தினம் 10 ரூபாய் ஒரு டப்பாவில் போடுங்கள். மாதம் 300, வருஷம் 3,600 ரூபாய். ஆயில், பிளக், டயர், இன்சூரன்ஸ் செலவில் பெரும்பகுதிக்கு இது கை கொடுக்கும், கந்துவட்டிக்கு ஓட வேண்டாம்.

தீர்மான நோட்டு போல வண்டிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு காசு என்று எழுதுங்கள். பெட்ரோல் போடும்போதும் எழுதுங்கள். லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் திடீரென்று குறைந்தால், டயரில் காற்று, பிரேக் உரசல், ஏர் ஃபில்டர் மூன்றையும் முதலில் பாருங்கள்.

காகிதம் யார் பெயரில்?

கடன் நம்ம பெயரில், தவணை கட்டுவது நாம். அப்படியானால் ஆர்.சி. புத்தகமும் நம்ம பெயரில்தான் இருக்க வேண்டும். கடன் முடிந்ததும் வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கச் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிறகு வண்டியை விற்கும்போது இழுபறி ஆகும்.

லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நாள் தவறாமல் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி யார் மேலாவது மோதினால், நஷ்டஈடு நம்ம தலையில் விழும். எக்ஸெல் 100 வண்டி 50 சிசி-க்கு மேற்பட்டது, ஆகவே ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சாவி கொடுக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேரிடம் வண்டி இருக்கிறது? எத்தனை ஆர்.சி. பெண்கள் பெயரில் இருக்கிறது?
2. கடந்த ஆண்டில் வண்டி நின்றதால் எத்தனை நாள் வருமானம் போனது?
3. ஸ்பேனர் செட், காற்றுப் பம்பு, காற்று அளக்கும் கேஜ் இவற்றைக் குழுவுக்குப் பொதுவாக வாங்கலாமா? யார் பொறுப்பில் வைக்கலாம்?
4. அடுத்த கூட்டத்துக்கு ஒரு வண்டியைக் கொண்டுவந்து, செயின் துடைப்பதையும் பிளக் கழற்றுவதையும் ஒவ்வொருவரும் ஒரு முறை செய்து பார்க்கலாமா?

கேட்டது மறந்துபோகும், கையால் செய்தது மறக்காது. இந்த வாரமே வண்டியைத் துடைத்துத் தொடங்குங்கள், சகோதரிகளே!