மூடிய கதவும் முற்றும் அச்சமும்
(‘கிரீன் ரூம்’ திரைப்படம் – ஓர் ஆய்வு)

ஜெரமி சோல்னியர் எழுதி இயக்கிய ‘கிரீன் ரூம்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் 2015-இல் கான் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மேடையின் பின்னே கலைஞர்கள் காத்திருக்கும் அறைக்கே ஆங்கிலத்தில் அப்பெயர்.

கதை எளியது. கையில் காசில்லாத நான்கு பங்க் இசைக்கலைஞர்கள், ஓரிகன் மாநிலக் காட்டுப்பகுதியில் நவநாஜிகள் நடத்தும் மதுக்கூடத்தில் இசை நிகழ்த்துகின்றனர். மறந்த கைபேசியை எடுக்கத் திரும்பும் பாட் என்ற இளைஞன், அவ்வறையில் ஒரு கொலையைக் காண்கிறான். சாட்சிகளாகிவிட்ட இளைஞர்கள் உள்ளே. கொலையை மறைக்க முனைவோர் வெளியே. இடையில் ஒரு கதவு.

வெப்பநிலை மாறாதிருக்க, அடைபட்ட வாயுவின் கனஅளவு குறையக் குறைய அழுத்தம் கூடும் என்பது பாயில் விதி. இங்கோ தப்பும் வழிகள் குறையக் குறைய அச்சம் கூடுகிறது.

ஏவிவிடப்படும் நாய்களைவிட என்னை நடுங்கச் செய்தது, கூட்டத் தலைவனாக வரும் பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் தணிந்த குரல். கதவுக்கு அப்பால் நின்று அவன் பொறுமையாக நியாயம் பேசுகிறான். அதை நம்பித் துப்பாக்கியை ஒப்படைக்கக் கதவைத் திறந்த பாட்டின் கை வெட்டுண்டு சிதைகிறது.

கூச்சலிட்டு வரும் வெறுப்பைக் கண்டு எவரும் விலகிவிடுவர். பண்பாகப் பேசி வரும் வெறுப்பை இனங்காண்பதே அரிது. மாணவர்களாகிய நாம் இப்படத்தினின்று பெறும் பாடம் இதுவே எனலாம்.